பூவார் படகுத்துறையில் ஆதிராவின் குரல்

"அக்கா, எம் மோள் செத்து பத்து மாசம். இன்னிக்கு ஃபோன்ல பேசுதா."

பனச்சமூட்டிலிருந்து வந்திருந்த விஜயம்மா எண்ணை அழுத்தி, ஃபோனைப் பிரேமகுமாரியிடம் கொடுத்தாள். பூவாரில் சுற்றுலாப் படகு விடும் நிறுவனம் ஒன்றின் எண். கணினியில் உருவாக்கிய குரல் தமிழில் படகு நேரம் சொன்னது. விஜயம்மாவின் மகள் ஆதிராவின் குரல்தான்.

"எம் மோளு குரலை வித்தவன் யாருண்ணு தெரியணும். அவனை நான் சும்மா விடமாட்டேன்."

"நிபினாக்கும்," என்றாள் ஆட்டோ ஓட்டும் ரெஜிலா. "பார்வையில்லாத பிள்ளைகளுக்கு ஆதிரா பாடம் வாசிச்சது அவன் ஸ்டுடியோவுல. வண்டி எடுக்கட்டா?"

"நில்லு மக்கா."

பிரேமகுமாரி நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். அந்தக் குரலை மூன்று முறை கேட்டார். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு அடங்கி, ஒரு கணம் நின்று, பிறகு பேச்சு தொடர்ந்தது.

"ஆதிராவுக்கு என்ன வேலை?"

"அம்பூரியில ரப்பர் பால்வெட்டு. நானும் கூடப் போவேன்."

அன்றே நிபினின் ஸ்டுடியோவில் பழைய பதிவுகளைக் கேட்டார். மறுநாள் விஜயம்மாவின் வீட்டில் நிபினையும், ஆதிராவின் கணவன் ஜெயனையும் உட்கார வைத்தார். மறுமணத்துக்காக துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான் ஜெயன்.

"கத்தி பட்டையில இறங்கும்போது கை ஆடினா மரம் கெட்டுப்போவும். அதனால வெட்டுறவங்க மூச்சைப் பிடிப்பாங்க," என்றார் பிரேமகுமாரி. "படகுக் குரல்ல அந்த நிறுத்தம் உண்டு. நிபின் பதிவுல இல்ல, அங்கே அவ நாற்காலியில இருந்து வாசிச்சா. ரப்பர் மரத்தடியில பேசினதைக் கேட்டாக்கும் மெஷின் படிச்சிருக்கு. விஜயம்மா, வெட்டுக்கிடையில அவ ஃபோன்ல யாருக்குப் பேசி அனுப்புவா?"

"கெட்டினவனுக்கு. வேற ஆருக்கும் இல்ல."

நிபின் மூச்சு விட்டான். ஜெயன் தலைகுனியவில்லை.

"ஆமா, குரல் செய்யுற கம்பெனிக்கு வித்தேன். எனக்குப் பேசி அனுப்பினது எனக்கு உள்ளதாக்கும். செத்தவளுக்கு என்ன நஷ்டம்?"

"திருப்பி வாங்குலே," என்றாள் விஜயம்மா.

"மெஷின் படிச்சாச்சு. திரும்ப எடுக்க ஒக்காதுண்ணு கம்பெனிக்காரன் சொல்லியாச்சு மாமி."

விஜயம்மா மடியிலிருந்த ஃபோனை எடுத்தாள். அங்கே பேசியதெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள்.

"இது நீ எனக்குப் பேசினது. அப்போ எனக்கு உள்ளது, இல்லியா? நாளைக்கு போலீசுக்குக் குடுப்பேன். இப்போ ரேஷ்மிக்கு. உன்னைக் கெட்டப்போறவ முதல்ல கேக்கட்டு."

ஜெயன் எழுந்து கை நீட்டினான். "மாமி, அழிச்சிரு."

விஜயம்மாவின் விரல் திரையில் ஒருமுறை பட்டது.

"அனுப்பியாச்சு மக்கா. திரும்ப எடுக்க ஒக்காது."