விதையா, வெள்ளாமையா?

விடிந்ததும் மருந்தோனின் குழாய்கள் திறந்தன. வார்டில் இருந்த அத்தனை பேரும் தங்கள் கட்டிலுக்கு மேலிருந்த குழாயில் டம்ளரைப் பிடித்தார்கள். யார் குடிப்பது எது என்று தெரியாதிருக்க ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு கசப்பு சேர்த்திருந்தது. குடித்து முகத்தைச் சுளித்த பிறகு பக்கத்துக் கட்டில்காரரிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"ஏனுங்க, உங்களுக்கு விதையா, வெள்ளாமையா?"

"ஆருக்குத் தெரியும்? பொழச்சா வெள்ளாமை, போய்ச் சேந்தா விதை," என்றார் சென்னியப்பன்.

வார்டே சிரித்தது. அவர் மனைவி பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை ஊருக்குள் விட்டவளே அவள்தான்.

மருந்தோன் வருவதற்கு முன்பு ஒரு மருந்து உருவாகப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். உயிர்வேதியியல் படித்த பூங்கோதை அப்படி மூன்று மருந்துகளுக்குத் தன் வயதைக் கொடுத்தாள். மூன்றும் எலியைப் பிழைக்க வைத்தன, மனிதனிடம் வந்ததும் மண்ணைக் கவ்வின. "எலிக்கு வைத்தியம் பாத்தே தலை நரைச்சுப் போச்சு எம் பொண்டாட்டிக்கு" என்று சென்னியப்பன் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். பிறகு உறைநோய் வந்தது. பாலில் உறை ஊற்றியது போல, இரத்தத்தில் ஓடும் புரதம் இதயத் தசையில் போய்க் கட்டிக்கொள்ளும் நோய். வீட்டுக்கு ஒருவர் போனார்கள். எலியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

அப்போதுதான் அவள் அந்த விதியைச் சொன்னாள். ஆளின் உடலைப் படித்து அங்கேயே மருந்து சமைக்கும் மருந்தோன் என்ற இயந்திரம் ஏற்கெனவே இருந்தது. அது இருபது பேரில் பத்தொன்பது பேருக்கு, அதுவரை அறிந்தவற்றில் சிறந்த மருந்தைக் கொடுக்கட்டும். மிச்சமுள்ள ஒருவருக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்துப் பார்க்கட்டும். அவர் பிழைத்தாலும் அது கற்கும், செத்தாலும் கற்கும். ஆளுக்கு ஒரு முறைதான் குலுக்கல், அதில் விழுந்த மருந்தே தொடரும். அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. மந்திரியும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே குலுக்கலில் இருக்க வேண்டும். இயந்திரத்துக்கு இன்னாருக்கு இன்னது கொடு என்று கட்டளையிட ஒருவருக்கும் அதிகாரம் கூடாது.

கொலைகாரி என்று திட்டினார்கள். அவள் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஒரே கேள்வி கேட்டாள்: "பஞ்சம்னு விதைநெல்லைத் தின்னுட்டா, அடுத்த வருசம் எதை வெதைப்பீங்க?" விதி நடப்புக்கு வந்தது; புது மருந்துக்கு விதை, அறிந்த மருந்துக்கு வெள்ளாமை என்று ஊரில் பேர் விழுந்தது. சில வருடங்களில் உறைநோய்ச் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? கட்டின புருசன் கட்டிலில் படுத்த அன்றே பூங்கோதையின் உபதேசம் ஆட்டம் கண்டுவிட்டது. விதியை எழுதியவள் என்பதால் மூலக்கூறுகளைப் பார்க்கும் உரிமை மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது. கைத்திரையைத் திறந்து, சென்னியப்பன் குடித்தது என்ன என்று பார்த்தாள். அப்போதைய சிறந்த மருந்தின் மூலக்கூறுக்கு நீளமாக ஒரு வால் உண்டு. இதில் வால் இல்லை. இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

விதை.

அவள் கைத்திரையை மூடிவிட்டு எழுந்தாள். நேரே மருந்தோன் மன்றத்தின் தலைவர் திருமூர்த்தியிடம் போனாள். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு போனவள், கணவருக்கு விதை விழுந்ததைச் சொன்னதோடு சரி, கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"அட, ஐயாவுக்கா? என்னங்கக்கா நீங்க! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குலுக்கல்லயே சேத்தாம விட்டிருப்பனே."

"அப்படி ஒன்னு இருக்குதா?"

திருமூர்த்தி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "விலக்குன்னு ஒன்னு வெச்சிருக்கறமுங்க. நம்ம ஆளுங்களுக்கு மட்டும். விலக்குக் கொடுத்தா எப்பவும் சிறந்த மருந்துதான் வரும். அவங்க பதிவு எதையும் மருந்தோன் படிக்காது. படிச்சாத்தான மாட்டிக்குவோம்?"

"எத்தனை பேருக்கு?"

"ஆச்சு... மன்றத்து ஆளுங்க, அவங்க சம்பந்திங்க, சம்பந்திக்குச் சம்பந்தி. இன்னாரு சொன்னாருன்னு வாரவங்களை முடியாதுன்னு அனுப்ப முடியுமுங்களா? நம்ம அடுக்ககத்துல பாதிப் பேரு இருப்பாங்க."

எழுந்து கத்தியிருக்க வேண்டும். அவளுக்கே அது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இவர் பேரையும் போட்டுடுங்க" என்றாள்.

மறுநாள் சென்னியப்பனின் டம்ளரில் வால் உள்ள மருந்து வந்தது. பூங்கோதை குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். ஆனால் அவருடைய கால் வீக்கம் வடியவில்லை. மூச்சு வாங்குவது கூடியது. எதிர்க் கட்டிலில், கட்டட வேலைக்குப் போகிற முனியம்மா அதே மருந்தைக் குடித்துவிட்டு எழுந்து நடமாடி, சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடத் தொடங்கினாள்.

பூங்கோதை பழைய ஆய்வகத்துக்குப் போனாள். வெகுகாலம் கழித்துக் கையுறை மாட்டி, கணவரின் இரத்தத்தையும் மலத்தையும் தானே பிரித்துப் பார்த்தாள். குடித்த மருந்து அப்படியே வெளியே வந்திருந்தது, வாலோடு.

அந்த வாலை வெட்டினால்தான் மருந்து வேலை செய்யும். வெட்டுவது குடலில் வாழும் ஒரு நுண்ணுயிர். சந்தைக் கீரையிலும் தெருக்குழாய்த் தண்ணீரிலும் வருவது. முனியம்மாவின் குடலில் அது குடும்பம் நடத்துகிறது. வடிகட்டிய காற்று, வடிகட்டிய தண்ணீர், ஒளியில் கழுவிய கொத்தமல்லி என்று அடுக்ககத்தில் வாழ்ந்தவர்கள் குடலில் அது செத்துப் பல வருடம் ஆகிறது. அவள் அதை வளர்த்துக் கணவருக்குக் கொடுத்தும் பார்த்தாள். அந்தக் குடலில் அது தங்கவில்லை.

மருந்தோன் மேல் பிழை சொல்ல முடியாது. தனக்குக் காட்டிய உடல்களுக்கு எது சிறந்ததோ அதைத்தான் அது கண்டுபிடித்தது. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்களின் உடல்களை மட்டுமே அதற்குக் காட்டியிருந்தார்கள்.

அவள் திருமூர்த்தியைப் போனில் பிடித்தாள்.

"விலக்கு வாங்கினவங்கெல்லாம் எப்படி இருக்காங்க?"

திருமூர்த்தி பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"எங்க மாமியார் போயிட்டாங்க. வயசாயிருச்சுங்க அவங்களுக்கு. தம்பி பையன்... அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே நெஞ்சு கொஞ்சம் பலவீனம்..." குரல் தேய்ந்தது. "தலைவிதின்னு நினைச்சமுங்க. ஆருகிட்டப் போய்ச் சொல்றது? விலக்கு வாங்கினதே வெளிய தெரியக் கூடாதே."

"எல்லாப் பதிவையும் மருந்தோனுக்குத் திறந்து விடுங்க, திருமூர்த்தி. செத்தவங்களோடதும் சேத்து. அப்பத்தான் அது நமக்கு வேற மருந்து தேடும்."

"வெளிய தெரிஞ்சா ஊரே தெரண்டு வந்து நம்மளைக் கொளுத்திப் போடும். பொழைக்க வழி கேட்டா சாக வழி சொல்றீங்களே! அந்தப் பேச்சே வேண்டாமுங்க."

அன்று மாலை அவள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

சென்னியப்பன் தலைக்கு மேலிருந்த குழாயை நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல வந்ததுல வால் இல்லைன்னயே கோதை. அதையே தொடர்ந்து குடிச்சிருந்தா?"

"வால் இல்லைன்னா வெட்ட வேண்டிய வேலையே இல்லைங்க. அதுக்கு நோய் கேட்டிருக்கலாம். கேக்காமயும் போயிருக்கலாம். தெரியலைங்க."

"அதை இப்பக் குடுக்கச் சொல்லேன்."

"மருந்தோனுக்கு யாரும் சொல்ல முடியாதுங்க. அந்தப் பூட்டையும் நான்தான் போட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. "விதைநெல்லை நீயே வறுத்துப் போட்டயா?" என்றார். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் சம்மதத்தோடு, மன்றத்துக்கு எழுதிக் கொடுத்து அவருடைய விலக்கை ரத்து செய்தாள். தன் ஆய்வக முடிவுகளையும் அவர் பதிவோடு சேர்த்து மருந்தோனுக்குக் கொடுத்தாள். மறுபடி குலுக்கல் விழுந்தது. மறுபடியும் வால் உள்ள மருந்தே வந்தது. அதற்குத் தெரிந்தவரை அதுதானே சிறந்தது? அந்த வாரக் கடைசியில் சென்னியப்பன் இறந்தார்.

அந்தச் சாவிலிருந்து மருந்தோன் என்ன கற்றது என்று அவள் கைத்திரையில் பார்த்தாள். இலட்சக்கணக்கானோருக்குப் பலித்த மருந்து ஒருவருக்குப் பலிக்கவில்லை. "ஒரே ஒரு பதிவு. இரைச்சலாகக் கருதி ஒதுக்கப்பட்டது" என்றிருந்தது. அது சரிதான். அவளே அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் ஒதுக்கியிருப்பாள்.

காரியம் முடிந்த மறுநாள், எதிர்வீட்டுத் தெய்வானை துக்கம் கேட்க வந்தாள். பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்ல மனுசன், எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம் என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதானுங்கக்கா. எம் பொண்ணுக்குக் கால் வீங்கியிருக்குது. உறைநோய்னு சொல்லிட்டாங்க. விதை விழுந்துருமோன்னு பயமா இருக்குது. விலக்குன்னு ஒன்னு இருக்குதாமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"அதை வாங்காத, தெய்வானை. அதனாலதான் இவரு போனாரு." பூங்கோதை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பொண்ணைக் குலுக்கல்லயே விடு. அவளுக்கு விதை விழட்டும்னு வேண்டிக்க. நம்மள மாதிரி இன்னும் நூறு பேரு குலுக்கல்ல நின்னாத்தான் அந்த மெசினுக்கு நாமன்னு ஒருத்தர் இருக்கறதே தெரியும்."

தெய்வானையின் முகம் மாறிவிட்டது. கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் வாங்கிக்கிட்டீங்க. எம் பொண்ணுன்னதும் விதை விழட்டுமா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிப் போடுங்கக்கா. செத்தவரு மேல பழியைப் போடாதீங்க."

கதவு திறந்தபடியே கிடந்தது. லிஃப்ட் வருவதற்குள் தெய்வானை யாருக்கோ போன் போட்டுவிட்டாள். அவள் பேசுவது பூங்கோதைக்கு நன்றாகக் கேட்டது.

"ஏனுங்க, திருமூர்த்தி ஐயாவைத் தெரிஞ்சவங்க ஆராச்சும் இருக்காங்களா? ஒரு வார்த்தை சொல்லணுமுங்க."