அழகுத்தாய் பிடித்த கை

தமிழ்ப்ரியா வண்டன்மேடு நூலக அரங்கின் வாசலில் வந்து இறங்கியபோது மணி ஐந்தரை. அதற்குள் மூடுபனி படிக்கட்டுவரை ஏறியிருந்தது. கொச்சி, பெங்களூரு என்று கைத்தட்டல் வாங்கிக் குவித்த பெண் சொந்த ஊரில் கவிதை சொல்ல வருவது இதுதான் முதல் தடவை. வாசல் ஃப்ளெக்ஸில் அவளை அடையாளமே தெரியாதபடி வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள்.

வந்திருக்கக் கூடாது. அது அவளுக்கே தெரியும்.

ஒரே ஒரு கவிதையால் பேர் வாங்கியவள் அவள். பதினாறு வயதில், லீவு நாளில் அவள் ஏலக்காய் எடுக்கப் போன ஜீப் சக்குபள்ளம் வளைவில் உருண்டது. மற்றவர்கள் மேலேயே தெறித்து விழுந்துவிட்டார்கள். இவளும் கூட வேலைக்கு வந்த அழகுத்தாய் அக்காவும்தான் ஜீப்போடு பள்ளத்துக்குப் போனார்கள். அக்காவின் இடுப்புக்குக் கீழே ஜீப்பின் அடியில் மாட்டிக்கொண்டது. உயிர் போகும்வரை அவள் கையை நான் விடவில்லை என்று கவிதை சொல்லும். அந்த வரி வரும்போது தமிழ்ப்ரியா இடது கையை இருட்டைப் பார்த்து நீட்டுவாள். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

நடந்தது வேறு. ஜீப் மறுபடி சரிந்தபோது, "கைய விட்றாத புள்ள" என்று கெஞ்சியவளின் கையை உதறிவிட்டு அவள் மேலே ஏறி ஓடினாள். பார்த்தவர் யாருமில்லை. அந்தப் பொய்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

நிகழ்ச்சிக்கு முன்னால் அழகுத்தாயின் புருஷன் பேச்சிமுத்து அவளைத் தேடி வந்தார். துவைத்து மடித்த சட்டை போட்டிருந்தார்.

"அவ தனியாச் சாவலங்கிற நெனப்புலதான் தாயி இத்தன வருசமா ஒறங்குதேன்."

சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். அதற்குள் நிகழ்ச்சியை நடத்தும் நிகில் மைக்கில் அவள் பெயரை அறிவித்துவிட்டான்.

விளக்குகள் அணைந்தன. மேடையில் மட்டும் ஒரு வெளிச்ச வட்டம். அந்த வரியை மட்டும் விழுங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஆரம்பித்தாள். நூறு தடவை சொன்ன நாக்கு கேட்குமா? வரி வந்தது. கையும் பழக்கத்தில் நீண்டது.

யாரோ பிடித்தார்கள்.

ஈரமான, சொரசொரத்த கை. பச்சை ஏலக்காய் வாசமும் டீசல் நாற்றமும் சேர்ந்து வந்தன. திரும்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் அவள் கை மட்டும்தான் இருந்தது.

உதறினாள். பிடி தளரவில்லை.

ஸ்பீக்கரில் இரண்டு பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"விட்டுட்டேன்," என்றாள் மைக்கில். "பொய் சொல்லிட்டேன். அக்கா கெஞ்சுனாங்க. நான் கைய உதறிட்டு ஓடிட்டேன்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கவிதைக்குப் புது முடிவு என்று நினைத்துவிட்டார்கள் பாவிகள்.

பேச்சிமுத்து மட்டும் தட்டவில்லை. தட்டுத்தடுமாறி மேடை ஏறி அவளருகே வந்தார்.

"அப்ப அவ தனியாத்தான் போனாளா?"

ஆமென்று தலையசைத்தாள். அவர் அடிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவரோ அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கையில் சதை அமுங்கி, நான்கு விரல்கள் பதிந்த பள்ளங்கள் தெரிந்தன. ஒன்று மட்டும் பாதிதான்.

"ஆள்காட்டி வெரலு," என்றார் மெல்ல. "அவளுக்குக் கத்தி பட்டு அறுந்துபோச்சு. கல்யாணத்துக்கு முந்தியே."

தன் உள்ளங்கையை அந்தப் பள்ளங்களின்மேல் வைத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"நான் வந்துட்டேன் அழகு. அது அப்பச் சின்னப் புள்ள. விட்ரு."

தமிழ்ப்ரியாவுக்கு எலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது. பள்ளங்கள் இன்னும் ஆழமாக இறங்கின.

பிடி தளருமா என்று பேச்சிமுத்து காத்துப் பார்த்தார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேடையை விட்டு இறங்கினார்.