நிமிடத்துக்குப் பதினாறு

நாலாம் கட்டிலில் குறட்டை நின்றுபோயிருந்தது.

அதில் படுத்திருந்த அமாவாசை விக்கிரமங்கலத்துக்காரர், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றுகிறவர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மதியம் வார்டுக்கு வந்ததிலிருந்து சிமெண்ட் லாரி மேடேறுகிற மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இப்போது, ராத்திரி மணி இரண்டரைக்கு, மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. அளவுக்கு மீறிய சீர். மேசையில் உட்கார்ந்தபடியே தமிழ்மொழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினாறு. மறுபடி எண்ணினாள், பதினாறு. அவர் சார்ட்டில் அவள் எழுதி வைத்திருந்ததும் பதினாறுதான்.

அவள் நர்ஸிங் முடித்து, அரியலூரின் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து அன்றைக்கு மூன்றாம் நாள். புதியவர்களுக்குப் பதினாலு நாள் பயிற்சி என்று வரவேற்பறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள், சுற்றிலும் பிளாஸ்டிக் பூவோடு. அந்தப் பதினாலு நாளும் அவளுக்கு ஒரு வடை தின்கிற நேரத்தில் முடிந்தது. தின்றவள் இன்சார்ஜ் பூங்குழலி.

"பதினாலு கட்டத்துலயும் கையெழுத்து போட்டுரு."

"இன்னைக்குத்தானே சிஸ்டர் சேந்திருக்கேன்?"

"இன்ஸ்பெக்‌ஷன்ல உன் மூஞ்சியவா பாக்கப்போறாங்க? பேப்பரத்தான் பாப்பாங்க. போடும்மா."

போட்டாள். அன்று அந்தக் கை கூசியிருந்தால் இன்று இந்தக் கதையே இல்லை.

இன்று எட்டு மணிக்கு, இருபத்திரண்டு கட்டிலையும் இவள் ஒருத்தி தலையில் கட்டிவிட்டுப் போகும்போது பூங்குழலி இன்னொரு பாடமும் சொன்னாள். "மணிக்கு மணி தொட்டுப் பாத்துக்கிட்டிருக்காத, விடிஞ்சிரும். ஆறு மணி வரைக்கும் இப்பவே எழுதி வச்சிரு. பிபி நூத்தி இருபது எண்பது, பல்ஸ் எழுபத்தெட்டு, மூச்சு பதினாறு. டாக்டருக்கு அதான் புடிக்கும்." நாலு வருஷம் படித்ததையெல்லாம் நாமக்கட்டியாய்க் கரைத்துவிட்டு இவளும் அழகான கையெழுத்தில் எழுதினாள்.

பதினோரு மணிக்கு அமாவாசை கூப்பிட்டார். "வவுறு கனக்குது பாப்பா. ஒரு மாதிரி மயக்கமா வருது." சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. டாக்டர் நம்பரை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. பூங்குழலிக்குப் போன் போட்டாள். "வாயுவா இருக்கும், தூங்கச் சொல்லு" என்று வைத்துவிட்டாள் அந்த மகராசி. இவளும் தூங்கச் சொன்னாள். பிபி கருவி மேசையிலேயே இருந்தது.

இப்போது அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே லாரிச் சத்தம் ஓய்ந்திருந்தது. வழக்கமான டெட்டால் நெடிக்கும் ஜன்னல் வழியே வருகிற சிமெண்ட் தூசிக்கும் அடியில், துருப்பிடித்த இரும்பைக் கையில் தேய்த்தால் வருமே, அந்த வாடை நாலாம் கட்டிலை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே வந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. மணிக்கட்டைப் பிடித்தாள்.

சில்லென்றிருந்தது.

நாடி இல்லை. கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கும் இல்லை. போர்வையை விலக்கினாள். வயிறு பானைபோல் உப்பி, பக்கவாட்டில் கருநீலம். உள்ளே ரத்தம் கசிந்து கசிந்தே தீர்ந்திருக்கிறார். பிபி பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். முள் நூற்று இருபதைத் தாண்டி இறங்கியது. எண்பதைத் தாண்டியது. பூஜ்யத்தில் விழுந்தது. ஒரு துடிப்பும் கேட்கவில்லை.

நெஞ்சு மட்டும் ஏறியது. இறங்கியது. பதினாறு.

சார்ட்டைப் பார்த்தாள். மூன்று மணி. நாலு. ஐந்து. ஆறு. எல்லாம் அவள் கையெழுத்து.

"எழுதிட்டியே பாப்பா."

உதடு அசையவில்லை. மூச்சு இறங்கும்போது மட்டும் சொல் வந்தது.

"எப்பவோ முடிஞ்சிருச்சு. போவ முடியல. அடிச்சுரு பாப்பா. நான் போறேன்."

பேனா கையில் இருந்தது. ஒரு கோடு. ஒரே ஒரு கோடு போதும். கோடு போட்டால், தொடாமலே எழுதினாள் என்று தெரியும். வேலை போகும். போலீஸ் வரும். நான்கு வருஷப் படிப்பு போகும்.

"அடிச்சுரு பாப்பா."

பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். மேசைக்கு ஓடினாள். காதைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயும் கேட்டது. ஆறு மணிக்கு மேல் எழுதவில்லை, ஆறு மணிக்குப் போய்விடுவார் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் விடுதலை என்று நினைத்த கோழை.

ஐந்து ஐம்பதுக்குப் பூங்குழலி டீ தம்ளரோடு வந்தாள். கட்டில் பக்கம் திரும்பவே இல்லை. சார்ட்டை இழுத்து, மதியம் இரண்டு மணி வரைக்கும் மளமளவென்று எழுதினாள்.

"சிஸ்டர், அவரு..."

"எல்லாம் நார்மல்தானே? நீதான் எழுதியிருக்க?"

தமிழ்மொழி ஆமாம் என்றாள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். அவரும் காகிதத்தைத்தான் பரிசோதித்தார். "நல்லாருக்காரு. இன்னைக்கே அனுப்பிரலாம்." ஆண்கள் வார்டுக்கு வெளியே ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்த மனைவி பாப்பாயி உள்ளே வந்து புருஷன் கையைப் பிடித்தாள்.

"கையி ஏன் டாக்டரு இப்பிடிச் சில்லுன்னு கெடக்கு?"

"ஃபேன் காத்தும்மா."

டிஸ்சார்ஜ் தாளை எழுதச் சொல்லித் தமிழ்மொழியிடம் நீட்டினாள் பூங்குழலி. நாலாம் கட்டிலிலிருந்து இரண்டு கண்கள் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. எழுதினாள். பிபி நூற்று இருபது எண்பது. பல்ஸ் எழுபத்தெட்டு. மூச்சு பதினாறு. எத்தனை மணி வரைக்கும் என்று அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

வாசலில் ஆட்டோ நின்றது. பாப்பாயி அவரை அணைத்து உட்காரவைத்து, டிஸ்சார்ஜ் தாளை மடித்து அவர் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தாள். வண்டி கிளம்பியபோது அவர் முகம் தமிழ்மொழியின் பக்கம் இருந்தது. ஓர் எறும்பு கன்னத்தில் ஏறி, திறந்த கண்மணியின் மேல் நிதானமாக நடந்தது. இமை மூடவில்லை. சட்டைப்பைக்குள் தாள் ஏறியது, இறங்கியது.