அம்மாவுக்குக் கேட்காத அழுகை

மாற்றலாகி வந்த நர்சுக்கு அந்தப் பழைய மனநல வார்டில் முதல் வேலையே கோடிக் கட்டில் தையல்காரம்மாவுக்கு மாத்திரை கொடுப்பதுதான். திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்ததால் பட்டப்பகலிலும் அரையிருட்டு. பினாயில் நெடியையும் மீறி அந்தக் கட்டிலருகே மட்டும் ஈரத்துணி வாடை அடித்தது.

தையல்காரம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வேணாம் சிஸ்டர். இதைப் போட்டா என் பொண்ணு அழறது கேக்காம போயிடும்."

அந்தச் சின்னப் பெண் குளத்தில் விழுந்து இறந்து ஒரு வருஷம் ஆகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்ல மனுஷர்தான், பாவம். ஒரு கட்டிலருகே நாலு வார்த்தை கூடப் பேசினால் வெளியே வரிசை வாசலைத் தாண்டிவிடும். "தூங்கினா சரியாயிடும்" என்று அளவைக் கூட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

"வாயைத் திறங்கம்மா. நாக்கைத் தூக்குங்க, பார்க்கலாம்."

மாத்திரையை ஒளித்துவைக்காமல் இருக்க எல்லாரையும் அப்படித்தான் சோதிப்பார்கள். நாக்குக்கு அடியில் பார்த்தவர்கள் யாரும் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. நர்சும் கேட்கவில்லை.

மருந்து வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. கை நடுக்கம் நின்றது. தையல்காரம்மா சாப்பிட்டாள், தூங்கினாள்.

"இப்போ கேக்கல சிஸ்டர்," என்றாள் ஒருநாள். "அதுக்காக அவ அழுகையை நிறுத்திட்டான்னு ஆயிடுமா? அழுத பிள்ளை பால் குடிக்கும்பாங்க. இவ அழறது யார் காதுக்கும் எட்டலையே."

உட்கார்ந்து, "அவ எப்படி இருப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்த கட்டில் கூப்பிட்டது. நர்சு போய்விட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் புருஷன் வந்து பையைத் தூக்கிக்கொண்டார். வாசல்வரை போன தையல்காரம்மா நின்றாள்.

"எதையோ விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு சிஸ்டர். என்னன்னுதான் தெரியல."

"ஒண்ணும் விடலம்மா. நல்லபடியா போய்ட்டு வாங்க."

இருவரும் படியிறங்கினார்கள்.

வார்டுக்குள்ளிருந்து ஒரு விசும்பல்.

நர்சு திரும்பினாள். கோடிக் கட்டில் காலியாகத்தான் இருந்தது. தரையில் மட்டும் சின்னச் சின்ன ஈரக் கால்தடங்கள், கட்டிலிலிருந்து அவளை நோக்கி.

கடைசித் தடம் அவள் காலடியில்.

"அம்மா, நில்லுங்க!" என்று கத்த நினைத்தாள். படிவரைதான் ஓட முடிந்தது. தெருமுனையில் தையல்காரம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சில்லென்ற சின்னக் கை நர்சின் விரலைப் பற்றியது.

"ஆன்ட்டி, எங்கம்மா என்னை விட்டுட்டுப் போறாங்க."