உப்பு தின்ற கீரை

பெட்டியிலிருந்த அரைக்கீரை ஓரம் ஓரமாய்க் கருகிக்கொண்டிருந்தது. கிறிஸ்டினா குனிந்து ஒவ்வொரு இலையாய்த் திருப்பிப் பார்த்தாள்.

அந்தக் கீரை அம்மாவுக்கானது. அம்மா சிலுவையம்மாளுக்கு ரத்தம் குறைவு. வயிற்றில் குழந்தை வேறு. போன பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. இந்த முறையும் ரத்தம் ஏறாவிட்டால் தாய்க்கே ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தார். மாத்திரை போட்டால் அம்மாவுக்கு உடனே வாந்தி வந்துவிடும். கீரையாவது சாப்பிடட்டும் என்றுதான், காலடிப்பேட்டை வீட்டு மாடியில், மீன் வரும் தெர்மோகோல் பெட்டிகளில் மண் நிரப்பி விதைத்திருந்தாள்.

மீன் கழிவு நல்ல உரம் என்று பள்ளியில் கேட்டிருந்தாள். அம்மா கருவாடு போடுபவள். உப்பில் ஊறிய மீனை அலசிய தண்ணீர் வீட்டில் எப்போதும் இருக்கும். அதையே தினமும் ஊற்றினாள். இலை வாட வாட, பசிபோல, பாவம் என்று இன்னும் கூடுதலாய் ஊற்றினாள்.

இப்போது மண்மேல் வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

“இன்னாக்கா, மண்ண துன்றே?” என்றான் தம்பி டெரிக்.

“நான்தான்டா கெடுத்துட்டேன். உரம்னு நென்ச்சிகினு உப்ப ஊத்திகினு இருந்துக்கிறேன்.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, செத்த செடிகளைப் பிடுங்கினாள். வெள்ளைப் படிவைச் சுரண்டி எறிந்தாள். பெட்டியின் அடியில் ஓட்டை போட்டாள். உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். தெருக் குழாயில் வருவதும் உப்புத் தண்ணீர்தான். லாரித் தண்ணீரில் அவளுடைய யூனிஃபார்ம் துவைக்க வைத்திருந்த குடம் மட்டும் மிச்சமிருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாய் மண்ணில் ஊற்றினாள். கீழே சொட்டிய தண்ணீரில் கரிப்பு போகும்வரை விடவில்லை.

மறுநாள் அழுக்குச் சட்டையோடு போனதால் டீச்சர் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். மீன் நாற்றம் என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. பள்ளி விட்டதும் நேராக மாடிக்கு ஓடினாள்.

மண்ணில் காய்ந்த இலைச் சருகும் மக்கிய சாணமும் கலந்தாள். சாணத்தைத் தூக்கி வந்த டெரிக், ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதியைப் படியிலேயே சிந்திவிட்டான். மறுபடி விதைத்து, அரிசி கழுவிய தண்ணீரை மட்டும் ஊற்றினார்கள். இந்த முறை இலைகள் பச்சையாகவே விரிந்தன.

பூண்டு போட்டுக் கடைந்த கீரையைச் சோற்றோடு அம்மா முன்னால் வைத்தாள் கிறிஸ்டினா. பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பயமும் போகவில்லை. எதைப் போட்டாலும் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடும் அம்மா, அன்று கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள்.

“சட்டில இன்னும் கொஞ்சம் கீதாடி?” என்று அம்மாவே கேட்டாள்.

கிறிஸ்டினா சட்டியை வழித்து மொத்தத்தையும் போட்டாள்.