இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு நெஞ்சுவலி

"அவர் நடிக்கல சார்! நிஜமாவே நெஞ்சுவலி!"

"கத்தாதம்மா! வாங்கின காசுக்கு நல்லா நடிக்கிறார்னு சந்தோஷப்படு!"

மூன்றாம் கட்டிலில் கிடந்தவர் முனகினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது...

"வேர்வையை எப்படி சார் நடிக்க முடியும்?"

டிரெயினி டாக்டர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தபடி கேட்டாள்.

சண்டை எதற்கு என்கிறீர்களா?

அந்த ஆஸ்பத்திரியில் குடும்ப மருத்துவத்துக்கு மூன்று வருடப் பயிற்சி. எல்லாம் அரசாங்கப் பணம். அங்கீகாரம் இருந்தால்தான் பணம். வார்டு நிறைய நோயாளிகள் இருந்தால்தான் அங்கீகாரம். இன்றைக்கு மெடிக்கல் கவுன்சில் இன்ஸ்பெக்‌ஷன்! நிஜ நோயாளிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே யுகமாகிவிட்டதால், ஒரு நாடகக் குழுவையே கூட்டிவந்து படுக்கப் போட்டிருந்தார் பயிற்சியின் டைரக்டர்.

பதவியே டைரக்டர். கேட்க வேண்டுமா!

"மருந்து அலமாரி சாவியைக் கொடுங்க சார்! ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்!"

"கூப்பிட்டா எல்லாம் வெளிய வந்துடும். அங்கீகாரம் போச்சுன்னா உன் மூணு வருஷமும் குப்பை. அடுத்த மாசம் பட்டம் வேணுமா, வேண்டாமா?"

அவள் தயங்கினாள்.

ஒரே ஒரு விநாடி. அந்த விநாடியை நினைத்து அப்புறம் பல ராத்திரி தூங்கவில்லையாம்...

பிறகு போனை எடுத்தாள். ஆம்புலன்ஸை அழைத்தாள்.

"அடிப்பாவி!"

கதவு படாரெனத் திறந்தது. ரிசப்ஷனிஸ்ட்!

"சார்! இன்ஸ்பெக்டர் வந்துட்டார்!"

டைரக்டர் பூங்கொத்தோடு பாய்ந்தார்.

"வாங்க, வாங்க! வார்டு ஃபுல்லு சார்! மூணாம் பெட் கொஞ்சம் ஓவர் ஆக்டிங்... கண்டுக்காதீங்க. உங்க கவர் ரெடி!"

வந்தவர் பூங்கொத்தைத் தொடவில்லை.

"எல்லாம் பொய் சார்!" அவள் வீறிட்டாள். "இங்க ஒருத்தர்கூட நோயாளி இல்ல. இழுத்து மூடிட்டுப் போங்க! ஆனா இந்த மனுஷன் செத்துடுவார்... சாவியை வாங்கிக் கொடுங்க!"

வந்தவர் கையை நீட்டினார்.

"சாவி!"

"சார்... கவுன்சில்லேருந்து வந்துட்டு நீங்களே..."

"எந்தக் கவுன்சில்? நான் போலீஸ் இன்ஸ்பெக்டர்யா, மஃப்டியில வந்திருக்கேன்! இவர் சம்சாரம் ஸ்டேஷன்ல அழுதுட்டு நிக்குது. மூச்சு முட்டுதுன்னு புருஷன் போன்ல சொன்னாராம். பாதியில எவனோ பிடுங்கிட்டானாம்!"

அந்த நேரம் பார்த்தா டைரக்டரின் பாக்கெட்டில் போன் அடிக்க வேண்டும்?

அவருடைய போன் இல்லை!

சாவி கைமாறியது. அலமாரி திறந்தது. நாக்கடியில் மாத்திரை, கையில் ஊசி, வாசலில் ஆம்புலன்ஸ்... நாடகக்காரர் மயிரிழையில் பிழைத்தார்.

அரைமணி கழித்து வந்த நிஜ கவுன்சில் அதிகாரி, வாசலில் போலீஸ் ஜீப்பைப் பார்த்தார். காரை அப்படியே திருப்பிக்கொண்டு போனவர்தான்!

டைரக்டர் ஜெயிலில். பயிற்சி ரத்து. அவளுடைய மூன்று வருடமும் கூடவே போனது.

நாடகக்காரரை மனைவி, மகள் இருக்கும் ஊருக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ரிசப்ஷனிஸ்ட் அந்த ஆம்புலன்ஸ் டிரைவரையே கட்டிக்கொண்டாள். நம் டாக்டர் ஊர் மாறி, வேறோர் ஆஸ்பத்திரியில் மறுபடி முதல் வருடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

"உனக்குக் கல்யாணம் எப்போடி?" என்று அத்தை நச்சரித்தால் ஒரே பதில்தானாம்.

"அங்கீகாரம் இருக்கிற மாப்பிள்ளையாப் பாருங்க அத்தை... இன்ஸ்பெக்‌ஷனை நானே பண்ணிக்கறேன்!"