மூன்று முறை கூப்பிட்ட பெயர்

வாத்தியார் “கனகவள்ளி” என்று கூப்பிட்டார். “உள்ளேன் ஐயா” என்று பதில் வந்தது. ஆனால் தங்கமயிலின் மகள் வாயைத் திறக்கவே இல்லை. அம்மாவின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்தபடி, முற்றத்தில் தேங்கிய மழைத் தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

குரல் பின்னாலிருந்து வந்திருந்தது. தங்கமயில் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூட வராந்தா முழுக்க ஜனம். பம்பாய் லேபர் கேம்பில் பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேர் நனைந்த குடையும் தலையில் கோணிப்பையுமாக முண்டியடித்து நின்றார்கள். தோல் கிடங்கு நாற்றமும் புதுச் சிலேட்டின் மரவாசனையும் யாரோ ஒருத்தியின் மல்லிகைச் சரமும் ஒன்றாகக் கலந்து மூச்சை அடைத்தன. ஜூன் மாத மழை. காலை பத்து மணிக்கே விளக்குப் போடவேண்டிய இருட்டு. ஏதோ ஒரு வாலு வேடிக்கைக்குச் சொல்லியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பஞ்சாபகேசன் வாத்தியாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் புதுப் பிள்ளைகளைக் கும்பலாக உள்ளே விடமாட்டார். வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார். பிள்ளை வலது காலை எடுத்து வைத்து உள்ளே வரவேண்டும், பெற்றவர்கள் கைதட்டவேண்டும். பிறகு ஒரு கற்கண்டுக் கட்டியும் சிலேட்டும் கொடுப்பார். ஏழைப் பிள்ளைக்கும் ஒரு வரவேற்பு வேண்டாமா என்பார். நல்ல மனிதர்தான், யார் இல்லை என்றது?

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவள் கொண்டுவந்த பிறப்புச் சான்று இந்தப் பிள்ளையுடையது இல்லை.

இந்தப் பிள்ளை இளையவள், பெயர் இசக்கி. நாங்குநேரிப் பக்கம் பிறந்து, தங்கமயிலின் தங்கை வீட்டில் வளர்ந்து, போன மாதம்தான் பம்பாய் வந்தது. நாலரை வயது. காகிதம் எதுவும் கிடையாது. கனகவள்ளி மூத்தவள், இங்கேயே பிறந்து முனிசிபாலிட்டியில் பதிந்த பெயர். இரண்டு வருஷத்துக்கு முந்திய மழையில், வீட்டை ஒட்டி ஓடுகிற பெரிய சாக்கடையான நாலா அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால் சாவையும் பதியவில்லை. காகிதத்தில் அவள் இன்னும் உயிரோடுதான் இருந்தாள்.

தங்கமயில் டப்பா கம்பெனிக்கு வேலைக்குப் போனால் இசக்கியை அந்த நாலா ஓரத்து அறையில் தனியாக விடவேண்டும். எந்தத் தாய்க்கு மனசு வரும்? பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் சாயங்காலம் வரை பிள்ளை பத்திரம். அதற்காகத்தான் இந்தப் பொய்யே.

கல்யாண் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் புருஷன் இசக்கிப்பாண்டிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “தண்ணி கொண்டுபோன புள்ள பேர வாசல்ல நின்னு கூப்பிடக்கூடாதுட்டி. கூப்பிட்டா வந்துரும். நம்ம ஊர்ல ஒருத்தரும் செய்யமாட்டாவ” என்றான்.

“நானா கூப்பிடப்போறேன்? வாத்தியார்லா கூப்பிடுவாரு” என்று அவன் வாயை அடைத்திருந்தாள்.

“கனகவள்ளி!” இரண்டாம் முறை.

“உள்ளேன் ஐயா.” இப்போது குரல் பக்கத்தில் வந்துவிட்டது. சளி கட்டிய, ஈரமான, சின்னக் குரல்.

வாத்தியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார். “அவசரத்தைப் பாரேன்! கனகவள்ளி, வாம்மா, உள்ளே வா.”

தங்கமயிலின் தொடையை உரசிக்கொண்டு ஏதோ சில்லென்று கடந்துபோனது. வாசலுக்கு உள்ளே, காய்ந்த சிமெண்டுத் தரையில், ஒரு சின்ன வலது பாதம் ஈரமாகப் பதிந்தது. அதற்குப் பிறகுதான் இசக்கி காலைத் தூக்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

“சர்டிபிகேட் சரியா இருக்கு. ஆனா குழந்தை ரொம்பச் சின்னதா தெரியறதே” என்றார் வாத்தியார். “எங்கே, காதைத் தொடு பாக்கலாம்.”

வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டால்தான் பள்ளிக்கூட வயது. முந்தின நாள் வீட்டில் எத்தனை தடவை பழக்கியும் இசக்கிக்கு நாலு விரற்கடை எட்டவில்லை. இன்றைக்கும் விரல்கள் உச்சந்தலை தாண்டியதும் தயங்கி நின்றன. அந்தப் பக்கமிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் கை விறுக்கென்று போனது. பிள்ளை வலியில் முகம் சுளித்தாள். விரல் காதைத் தொட்டது.

“பேஷ்! தொட்டுடுத்தே!”

வராந்தாவில் பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் நின்றிருந்தாள். இந்தக் கேம்பில் மூத்தவள் கதை முழுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தன் பிள்ளையை ஏவிவிட்டுப் பதில் சொல்லவைத்தாளோ? தங்கமயில் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “உண்மையச் சொல்லுங்கக்கா. யாரு பதில் சொன்னது?”

“என்னட்டி கேக்க? ஒம்மவதான் சொன்னா. நான் பாத்துக்கிட்டுல்லா நின்னேன்.”

பொய் சொல்கிற முகமாக இல்லை. அதுதான் பயத்தைக் கிளப்பியது. பிள்ளையை இப்போதே வெளியே இழுத்துக்கொண்டு போய்விடலாமா? போனால் கம்பெனிக்கு லீவு போடவேண்டும், வாத்தியார் காரணம் கேட்பார், இடமும் போய்விடும். பாவி, அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளை தனியாக வெளியே வந்தாள். முந்தானையைப் பிடிக்கவில்லை. முன்னால் நடந்தாள். தங்கமயில் எப்போதும் பெரிய ரோட்டைச் சுற்றித்தான் கூட்டிப்போவாள். இன்று பிள்ளை சட்டென்று சந்துக்குள் திரும்பி நாலாவை ஒட்டிய குறுக்குவழியில் போனாள். அந்த வழியை இசக்கிக்கு யாரும் காட்டியதே இல்லை.

“ஏட்டி, அந்தப் பக்கம் ஒனக்கு எப்படித் தெரியும்?”

பிள்ளை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நாலா ரொம்பி, கறுப்பாக, கரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. அதன் சத்தத்துக்குள் ஏதோ ஒரு முனகல். பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தங்கமயில் வேகமாக நடந்தாள்.

வீட்டில் பிள்ளை விளக்கு ஏற்றும் வரைகூட நிற்கவில்லை. இருட்டிலேயே நேராக மூலைக்குப் போனாள். கற்கண்டில் பாதியைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டு, மிச்சத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

அரிசி டின்னுக்குப் பின்னால் மிட்டாய் ஒளித்துவைத்தது ஒரே ஒரு பிள்ளைதான். அதுவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

மெதுவாகப் பின்னால் நகர்ந்தாள். வாசல் நிலை முதுகில் இடித்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இசக்கி” என்றாள்.

மூலையில் உட்கார்ந்திருந்தது திரும்பவில்லை. கடவாயில் கற்கண்டு நொறுங்குகிற சத்தம்.

“இசக்கி.”

சத்தம் நின்றது. தரையில் ஈரம். மூலையிலிருந்து ஒரு கோடாக அவளை நோக்கி வந்தது.

தங்கமயில் மழையைப் பார்க்கத் திரும்பினாள். வீட்டுக்குள் இருப்பதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

“இசக்கீ!”

“என்னம்மா?”

குரல் நாலாவிலிருந்து வந்தது. அவள் மகளின் குரல். அவள் பெற்ற, நாலரை வயது, முந்தானையை விடாத இசக்கியின் குரல்.

“அம்மா, இருட்டா இருக்கும்மா. நான் உள்ள வரட்டா?”

வா என்று சொன்னால் போதும். ஒரே சொல். தங்கமயில் வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு சின்ன வலது கை அவள் தலைக்கு மேலாக வந்தது. சில்லென்று. சேற்று நாற்றத்தோடு. உச்சி தாண்டி, இடது காதைத் தொட்டு, அங்கேயும் நிற்காமல் இன்னும் நீண்டு, கன்னத்தில் இறங்கி, அவள் வாயைப் பொத்தியது.

“அம்மா” என்றாள் இசக்கி, வெளியே. “உள்ள வரட்டா?”